எங்க வீட்டு அசனத் தலைவர்

பாக்கியசீலி வீட்டுக்கா? வாங்க தம்பி, வாங்க. அவ வீடு அடுத்த வாசல். ஆனா இப்போ மாவு மில்லுல நிக்கா, வர நேரமாகும். அது வரைக்கும் வெயில்லயா நிக்கப் போறீய? இங்க உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. நான் யாருன்னு பாக்கீயளா? ஞானாபரணம். பாக்கியசீலி புருசன் ராஜமணி எனக்குக் கூடப்பொறந்த தம்பி. அவன் போய்ச் சேந்த பொறவு அந்த வீட்டுக்கும் சேத்து நான்தான் எல்லாம். மாவு மில்லை அவ ஓட்டுதான்னு ஊர்ல சொல்லுவாவ. ஓட்டுன்னு சொன்னது நான். அதனால அவகிட்ட என்ன பேசணுமோ எங்கிட்டயே பேசலாம். எங்கிட்ட சொன்னா அங்க சொன்ன மாதிரிதான்.

ஆலடிவிளையில இருந்தா? சபையில அனுப்புனாவளா? அசனத்துக்கா! ஏட்டி தங்கபுஷ்பம், ரெண்டு காப்பி போடு! ஆலடிவிளையில இருந்து ஆள் வந்திருக்கு, நம்ம பாக்கியத்தை அவிய ஊரு அசனத்துக்குத் தலைவராக் கூப்புட வந்திருக்காவ! தப்பா எடுத்துக்கிடாதீய தம்பி, எனக்குச் சிரிப்பு அடக்க முடியல. சந்தோசத்துல வார சிரிப்புதான். ஏன்னா அவளைத் தலைவராக்குனதே நான். அந்தக் கதை தெரியாமத்தான நேரா அவ வீட்டைக் கேட்டு வந்திருக்கீய? சொல்லுதேன், கேளுங்க.

ஊருக்கு ஊரு முறை வேறன்னாலும் அசனம்னா ஒண்ணுதான். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையில கடைசி நாளு, சபை ஜனமெல்லாம் கூடிப் பொங்கி, கூடி உக்காந்து சாப்புடணும். இருக்கவன் இல்லாதவன் வித்தியாசம் கிடையாது, எல்லாரும் சமம். வெள்ளாட்டுக் கெடா, கத்திரிக்கா, முருங்கைக்கா எல்லாம் போட்டு ஒரே குழம்பு. வார்ப்புன்னா சாதாரண அண்டா மாதிரியா? ஒரு ஆள் உள்ள எறங்கி நின்னாத் தலை மட்டும் தெரியும். சோத்தை வடிச்சி ஓலைப்பாயில மலையாக் குமிச்சிருப்போம். இதுக்கெல்லாம் தலைவர்னு ஒருத்தர். யாருக்கு எந்த வேலைன்னு பிரிச்சிக் குடுக்கது அவரு. கடைசியில உப்பு பாக்கதும் அவரு. அவரு உப்பு பாத்துத் தலையை ஆட்டுன பொறவுதான் போதகர் வந்து சாப்பாட்டு ஜெபம் பண்ணுவாரு. வருசா வருசம் அப்படி ஆடுன தலை இந்தா, இந்தத் தலைதான்.

எல்லாரும் சமம்னு சொன்னேன்லா, அதுக்காக எல்லாரும் வார்ப்புக்கிட்ட வர முடியுமா? வார்ப்புப் பக்கம் ஆம்பளைங்க. உள்ளி, அதான் சின்ன வெங்காயம், அது உரிக்க, பூண்டு உரிக்க, அரிசியில கல்லு பொறுக்கப் பொம்பளைங்க. பொம்பளைங்களை நான் குறையாச் சொல்லல தம்பி. வீட்டுல நாலு பேருக்குப் பொங்குததுல அவியளை மிஞ்ச ஆளு கிடையாது. ஊருக்கே பொங்கணும்னா அது வேற. அதுக்கு ஒரு நெஞ்சுரம் வேணும், கூப்புட்டா நாலு தெரு கேக்க மாதிரி தொண்டை வேணும்.

இதுல வினை எப்படி வந்துதுன்னா, உரக்கடை வேதமுத்துன்னு ஒரு ஆளு. ‘எப்பவும் ஞானாபரணந்தானா, நாங்கல்லாம் ஆளு இல்லியா’ன்னு ஆரம்பிச்சாரு. பேச்சு வளந்துது, பொறவு பேச்சே நின்னு போச்சு. ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்கது கிடையாது. கோயில்ல அவரு வலப்பக்கம் உக்காந்தா நான் இடப்பக்கம். கடைசியில போதகர் சொன்னாரு, ‘சண்டை வேண்டாம், குடும்பத்துக்கு ஒரு பேரா எழுதிச் சீட்டுப் போடுவோம், யாரு பேரு வருதோ அது கர்த்தரோட சித்தம்’னு.

நான் வீட்டுல வந்து யோசிச்சேன். வேதமுத்துவுக்கு அண்ணன் தம்பி கூட்டம் பெருசு. அத்தனை சீட்டும் அவரு சீட்டு மாதிரிதான, யாருக்கு விழுந்தாலும் நடத்தப் போறது அவரு. என் பக்கம் ஆளு கம்மி. அப்பந்தான் பளிச்சுன்னு ஒண்ணு தோணிச்சி. மறுநா கூட்டத்துல எந்திச்சி நின்னு, ‘விதவைங்க வீடும் குடும்பந்தான, அவியளும் சந்தா குடுக்காவ, அவிய பேரும் சீட்டுல வரணும்’னு ஒரு போடு போட்டேன். போதகர் எந்திச்சி வந்து என் கையைப் புடிச்சிக்கிட்டாரு. ‘ஐயா ஞானாபரணம், உங்களுக்கு இருக்க பரந்த மனசு யாருக்கு வரும்’னு கண்ணு கலங்கிட்டாரு. நானும் கொஞ்சம் கலங்கிக்கிட்டேன். பாக்கியசீலி பேரும் சேந்துதுன்னா எனக்கு ஒரு சீட்டு கூட, அவ்வளவுதான் கணக்கு. அவளுக்கு விழுந்தா என்ன, நடத்தப் போறது நான்.

‘இவ்வளவு பெரிய மனசுக்காரரு நீங்களே எடுங்க’ன்னு சீட்டுப் பாத்திரத்தை எங்கிட்டயே நீட்டிட்டாரு போதகர். கண்ணை மூடிக்கிட்டுக் கையை விட்டேன். எடுத்தேன். பாக்கியசீலி! என் கையாலயே தம்பி!

வேதமுத்து குதிச்சாரு. பொம்பளை எப்படி அசனத் தலைவராக முடியும், மடக்கிப் போடுங்க, மறுபடி எடுங்கன்னு. நான் விடுவனா? ‘கர்த்தரோட சித்தத்தைத் திரும்ப எடுக்க நீரு யாரு வே? பொம்பளைன்னா மட்டமா? ஆண்டவர் முன்னால ஆணு பொண்ணு உண்டா?’ன்னு அரை மணி நேரம் பேசுனேன். பொம்பளைங்க பக்கமிருந்து கை தட்டுன சத்தம் இருக்கே, கோயில் ஓடு கழண்டு விழுந்துராம இருந்ததே பெருசு. என் வீட்டுக்காரி தங்கபுஷ்பமும் தட்டுனா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ எனக்காகக் கை தட்டி அன்னைக்குத்தான் பாத்தேன்.

சாயங்காலம் பாக்கியம் வீட்டுக்குப் போனேன். ‘ஏட்டி, நீ ஒண்ணுக்கும் பயப்படாத. பேருக்குத்தான் நீ தலைவர். தலையை மட்டும் ஆட்டு, மத்தது நான் பாத்துக்கிடுதேன்’னேன். ‘சரி அத்தான்’னா. ‘ஆனா யாரும் எதுவும் கேட்டா முழிக்கப்படாதுலா, என்ன ஏதுன்னு கொஞ்சம் சொல்லுங்க’ன்னா. நல்ல புள்ளையா இருக்காளேன்னு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தேன். கெடா எங்க புடிக்கணும், தீ எப்பம் தணிக்கணும், எந்த ஆளு வேலை செய்வான், எந்த ஆளு வாயால வேலை செய்வான், ஒண்ணு விடல. ‘முக்கியமா ஒண்ணு, ஆரம்ப ஜெபம் முடிஞ்சி தலைவர் கையால வாங்குன சாமானைச் சாயங்காலம் வரைக்கும் மாத்திக்கிடப்படாது. கத்தி வாங்குனவங்க கத்தி, துடுப்பு வாங்குனவங்க துடுப்பு. தலைவர் சொன்னா மறுபேச்சு கிடையாது’ன்னேன். அந்தச் சட்டம் போட்டதும் நான்தான். உள்ளி உரிக்க உக்காந்த பொம்பளைங்க பாதியில எந்திச்சி எந்திச்சிப் போறாவன்னு போட்டது. அவ கன்னத்துல கையை வச்சிக்கிட்டு அப்படியே கேட்டா. எனக்குப் பெருமையா இருந்துது, இப்படிக் கேக்கதுக்கு என் வீட்டுல ஆளு கிடையாது.

இருந்தாலும் ஒரு உறுத்தல் இருந்துது, மறைக்க மாட்டேன். அசனம் சொதப்பிச்சுன்னா எங்க வீட்டுப் பேரு கெடும், இனி ஒரு பொம்பளையும் இந்த ஊர்ல வாயைத் தொறக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். அமோகமா நடந்துதுன்னா என் நாற்காலி போச்சு. அது எனக்குத் தெரியும். எதுக்கு ஜெபம் பண்ணன்னு தெரியாம ரெண்டு நாளு சும்மா முழங்கால் போட்டுட்டு எந்திச்சேன்.

பண்டிகை அன்னைக்கு ஆராதனை முடிஞ்சுது. கோயிலுக்குப் பின்னால சாமானெல்லாம் வரிசையா இருக்கு. போதகர் ஆரம்ப ஜெபம் பண்ணுனாரு. பாக்கியம் சேலை முந்தியை இடுப்புல சொருகிக்கிட்டு முன்னால வந்தா. குழம்பு கிண்டுத பெரிய துடுப்பைத் தூக்குனா. நான் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கேன், ஏன்னா பேச்சு அப்படித்தான். அவ என்னைத் தாண்டிப் போறா தம்பி! நேராப் போயி போதகர் சம்சாரம் கையில குடுத்தா. அந்த அம்மா துடுப்பை வாங்குன விதத்தைப் பாக்கணுமே, பொறந்ததுல இருந்து அதுக்குன்னே காத்துக் கெடந்த மாதிரி! அடுத்த துடுப்பு ஒரு டீச்சருக்கு. கரண்டி, வாளி, விறகு, தீ, எல்லாம் பொம்பளைங்க கைக்குப் போவுது. பொறவு திரும்பி வந்தா. எங்கிட்ட ஒரு சின்னக் கத்தியை நீட்டுனா. ‘அத்தான், நீங்க உள்ளி’ன்னா.

வெளையாடுதான்னு நெனச்சேன். வேதமுத்துக்கும் கத்தி. எல்லா ஆம்பளைக்கும் கத்தி! எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்காவ. நான் என்ன சொல்ல? கர்த்தரோட சித்தம்னு பேசுனது நான். மறுபேச்சு கிடையாதுன்னு சட்டம் போட்டது நான். கத்தியை வாங்கிக்கிட்டேன். வாங்கிக்கிட்டு, ‘என்ன வே பாக்கீய, தலைவர் சொல்லியாச்சி, உக்காருங்க’ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். அத்தனை பேரும் உக்காந்தாவ. பாருங்க, என் தொண்டை இல்லன்னா அன்னைக்கு வேலையே ஆரம்பிச்சிருக்காது.

உள்ளிக்கு மேற்பார்வை யாரு தெரியுமா? இந்தா காப்பி போட்டுக்கிட்டு இருக்காளே, இவ! ‘என்ன உரிக்கீய, தோலோட உள்ளியையும் சேத்து உரிச்சித் தள்ளுனா குழம்புக்கு என்னத்தைப் போட’ன்னு ஒரு சத்தம். ஒருத்தரு முதுகை நிமித்த எந்திச்சாரு. ‘தலைவர் குடுத்த கத்தி, உக்காருங்க’ன்னு அமத்திட்டா. ஏட்டி, சிரிக்காத, காப்பியைக் கொண்டா.

எனக்குப் பக்கத்துல வேதமுத்து. வேற எடம் இல்ல. பேசிக்கிடல. உரிக்கோம், உரிக்கோம், மூட்டை கொறையவே மாட்டேங்குது. ரெண்டு பேரு கண்ணுல இருந்தும் தண்ணி தாரையா ஊத்துது. துடைக்கலாம்னு கையைக் கொண்டு போனா கையிலயும் உள்ளி. அந்த நேரம் பாத்து போதகர் வாராரு. பாத்தாரு. ரெண்டு விரோதிங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்து கண்ணீர் விடுதாவ! மனுசன் அப்படியே மண்ணுல முழங்கால் போட்டுட்டாரு. ‘ஆண்டவரே, இந்த ரெண்டு சகோதரர்களோட மனசையும் உடைச்சீரே’ன்னு ஆரம்பிச்சி, பொறவு ஓடிப்போயி மைக்கைப் புடிச்சிட்டாரு! ‘சபையாரே, ஞானாபரணம் ஐயாவும் வேதமுத்து ஐயாவும் கண்ணீரோட ஒப்புரவாயிட்டாங்க’ன்னு ஊருக்கே கேக்குது! எங்களை எழுப்பிக் கட்டிப்புடிக்க வச்சி, எல்லாரும் அல்லேலூயா சொல்லுதாவ. இது உள்ளி ஐயான்னு எப்படிச் சொல்ல?

வேதமுத்து என் காதுக்குள்ள, ‘வே, உள்ளி வேலை இவ்வளவு கொடுமைன்னு எம்பொண்டாட்டி ஒரு நாளும் சொன்னதில்லயே’ன்னாரு. நான், ‘சொல்லியிருப்பாவ வே, நீரு கேட்டிருக்க மாட்டீரு’ன்னேன். அவரு சிரிச்சாரு, நான் சிரிச்சேன், கட்டிப்புடிச்ச மேனிக்கே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சோம். சனம் அதையும் அழுகைன்னு நெனச்சிக்கிட்டு. உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, அதுல பாதி உள்ளி, பாதி நெசம். அவரு எனக்கு ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து கூட்டாளி. நல்லா இருந்துது தம்பி. அந்த வட்டத்துல என்ன பேச்சுங்கீய! யாரு வீட்டுல மருமக கோவிச்சிக்கிட்டுப் போயிருக்கா, யாருக்குச் சக்கரை, யாரு புள்ளைக்கு மெட்ராஸ்ல மனசு ஒட்டல, எல்லாம் வந்துது. வார்ப்புக்கிட்ட நின்னா இதெல்லாம் எங்க காதுல விழும்? பொம்பளைங்க இவ்வளவு நாளா இந்தச் சொகத்தைத்தான் தனியா அனுபவிச்சிருக்காவ, எங்ககிட்ட மூச்சு விடாம.

ஆனா பொறுப்புன்னு ஒண்ணு இருக்குலா. குழம்பு வாசனை வரவும் எனக்கு இருப்புக் கொள்ளல. உப்பு பாக்கணுமே! ஒண்ணுக்குப் போற மாதிரி நைசா எந்திச்சி வார்ப்புப் பக்கம் போனேன். டீச்சரு மறிச்சிக்கிட்டா. ‘ஆம்பளைங்க இங்க வரப்படாது சித்தப்பா, தீ கெடக்கு, மேல பட்டுரும்’னு. தீயில நான் நின்ன நிலையை இவ பாத்திருப்பாளா! ‘உப்பு பாக்க வந்தேம்மா’ன்னேன். பாக்கியம் திரும்பிப் பாத்து, ‘உப்பு பாத்தாச்சி அத்தான்’னா. ‘யாரு பாத்தா?’ன்னேன். ‘நாங்க எல்லாரும்’னா. எல்லாருமா! ஏ அப்பா, உப்பு பாக்க ஒரு நாக்கு போதும் தம்பி, ஆளாளுக்கு நக்குனா என்ன ஆவும்?

இருந்தாலும் பெரியவன் வந்து நிக்கேனேன்னு உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டா. நக்குனேன். சரியாத்தான் இருந்த மாதிரி இருந்துது. ஆனா சரியா இருக்குன்னு சொல்லிட்டு வரவா அங்க போனேன்? ‘ஒரு கை போடு’ன்னேன். ஒடனே ‘ஆகட்டும் அத்தான்’னு ஒரு கை உப்பு அள்ளுனா, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. போட்டிருப்பா. பொம்பளைங்க எல்லாம் எதுக்கோ முந்தியால வாயைப் பொத்திக்கிட்டு நின்னாவ, பொகையா இருக்கும். அன்னைக்குக் குழம்பைக் குறை சொல்ல ஒரு ஆளு கிடையாதுன்னு இன்னைக்கும் பேசுதாவளே, அது நான் போடச் சொன்ன அந்த ஒரு கை உப்பு. இதை உங்க சபையில சொல்லுங்க.

பொறவு பந்தி. எங்க வழக்கம் மொதப் பந்தி ஆம்பளைங்க, பொறவு பொம்பளைங்க, புள்ளைங்க. அவ என்ன சொன்னாங்கீய? மொதப் பந்தி பொம்பளைங்களும் புள்ளைங்களும். ஆம்பளைங்க பரிமாறணும். ஆளுக்கு ஒரு கரண்டி, ஒரே கரண்டி, ஒரே அளவு. நாலஞ்சு பேரு மொனங்குனாவ, பசி தாங்காதுன்னு கிளம்பப் பாத்தாவ. பாக்கியம் என்னைப் பாத்தா. நான் போயி ஒரு வாளியைத் தூக்கிக்கிட்டேன். எனக்குப் பின்னால வேதமுத்து தூக்குனாரு. பொறவு எல்லாரும் தூக்குனாவ. எங்க பந்தி வரும்போது கறி இருக்காதுன்னு நெனச்சோம். இருந்துது! எல்லாருக்கும் இருந்துது! அதே கெடாதான், அதே சனந்தான், எப்படிப் போதுச்சின்னு இன்னும் எனக்குப் புரிபடல. வழக்கமா கமிட்டிக்குன்னு ஒரு சருவம் நெறைய கறி மொதல்லயே தனியா எடுத்து வைப்போம், அதை அவ எடுக்கல. ஆனா அது ஒரு மரியாதைக்கு எடுக்கது, அதுலயா அவ்வளவு வந்துரப் போவுது?

நான் சொல்ல வந்தது அது இல்ல. வாளியோட வரிசையில போறேன். நடுவுல இவ உக்காந்திருக்கா, தங்கபுஷ்பம். இலையில ஒரு கரண்டி விட்டேன். நல்ல நெஞ்செலும்புத் துண்டு ஒண்ணு விழுந்துது. இவ சாப்புடல, அதையே பாத்துக்கிட்டு இருக்கா. விரலால ஒரு தட்டு தட்டிப் பாக்கா. ‘என்னட்டி?’ன்னேன். ‘இது அசனக் குழம்புதான?’ன்னா. ‘பின்ன?’ன்னேன். ‘இத்தனை வருசமும் எங்க பந்தி வரும்போது கறியே இருக்காதுலா. ரொம்ப நேரம் கொதிச்சா கறி குழம்புல கரைஞ்சிரும்னுல்லா நான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்’னா.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துது. கெடா புடிச்சவன் பொண்டாட்டி, கறி கரைஞ்சிரும்னு நெனச்சிருக்காளாம்! பக்கத்து இலையில சிரிப்பாவன்னு பாத்தேன். ஒருத்தியும் சிரிக்கல. ‘நானும் அப்படித்தான் நெனச்சேன்’னு ஒருத்தி சொல்லுதா. எதுத்த வரிசையில ஒரு கெழவி தலையை ஆட்டுது. எனக்கு என்னமோ வாளி திடீர்னு கனத்துப் போன மாதிரி ஆயிட்டு.

இவ அந்தத் துண்டைக் கடிச்சிச் சப்பி எலும்பை ஓரமா வச்சா. வச்சிட்டு, சின்னப் புள்ளை மாதிரி, ‘இன்னொண்ணு போடுங்க’ன்னா. எங்கிட்ட இவ எதையும் இப்படி வாய் விட்டுக் கேட்டது கிடையாது. கரண்டி வாளிக்குள்ளதான் இருக்கு. ஆனா ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லியாச்சி. எனக்கு என்ன தோணிச்சோ, பந்தி மேல தலையைத் தூக்கி, நாலு தெருவுக்கும் கேக்க மாதிரி கூப்புட்டேன். ‘தலைவரே! எம்பொண்டாட்டி இன்னொண்ணு கேக்கா, போடட்டுமா?’ன்னு.

கரண்டி எல்லாம் அப்படி அப்படியே நிக்கி. வார்ப்புக்கிட்ட நின்ன பாக்கியம் நிமிந்து பாத்தா. அவ கண்ணுல தண்ணி, அவ உள்ளி உரிக்கல.

‘ரெண்டாப் போடுங்க அத்தான். அவியளுக்கு வரவேண்டியது நெறையக் கெடக்கு’ன்னா.

ரெண்டு போட்டேன் தம்பி. தங்கபுஷ்பம் போதும்னு கையை மறிக்கவே இல்ல. நான் மறுபடியும் தலைவர் மூஞ்சியைப் பாத்தேன்.